இருப்பு வைத்த பச்சைக் கார்

ஜனவரி 20, திங்கள்

இன்று கணக்குப்பதிவியலில் தேய்மானம் ஆரம்பித்தோம். மகாராணி டீச்சர் கரும்பலகையில் ஒரு கார் வரைந்தார். பார்க்க அம்மிக்கல் மாதிரி இருந்தது. "வாங்கின அன்னைக்கே இதுக்கு வயசாக ஆரம்பிச்சிரும். வருஷத்துக்கு இவ்வளவுன்னு கழிச்சுக்கிட்டே வரணும்" என்றார்.

முத்துப்பிரியா சும்மா இருக்கவில்லை. எழுந்து நின்று, "டீச்சர், ரமீஸா வீட்டுக் காருக்கு மட்டும் வருஷா வருஷம் வயசு குறையுதாம்" என்றாள். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துக்கொண்டே, "அப்படியா ரமீஸா? நேர்கோட்டு முறையா, வேற முறையா?" என்று கேட்டார்.

சிரித்ததில் வருத்தமில்லை. பதில் தெரியாமல் நின்றேனே, அதுதான்.

தெரிந்ததை முதலில் எழுதுவோம். கேரளாவில் வெள்ளம் வந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் ஏலக்காய்க்குப் பஞ்சம். போடியில் எல்லோரும் விலை கொஞ்சம் ஏறியதுமே விற்றார்கள். என் சச்சா ஃபயாஸ், அத்தாவின் தம்பி, அதாவது என் சித்தப்பா, அவர் மட்டும் மூட்டைகளைத் தொடவிடவில்லை. கடைசியில் விற்றபோது கிடைத்த பணத்தில் கொச்சிக்குப் போய் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி லாரியில் ஏற்றி வந்தார். இரண்டு கதவு. அடர்ந்த பச்சை. "எட்டு எம்எம் காயோட கலர் பாத்தியா" என்று எல்லோரிடமும் சொன்னார்; எட்டு எம்எம் என்றால் சல்லடையில் நிற்கும் பெரிய காய், முதல் தரம். தெருவில் அதற்கு ஏலக்கா காரு என்று பெயர்.

ஓட்டுவதற்காக வாங்கவில்லை. இருப்பு வைக்க வாங்கினார். ஏலக்காயை எப்படி வைப்போமோ அப்படியே: கறுப்பு பாலிதீன் சுற்றி, அதன் மேல் சாக்குப் போட்டு, சாக்கு ஊசியால் தைத்து, குடோனின் உள் அறையில். காற்றும் வெளிச்சமும் படாமல் இருந்தால் பச்சை நிற்கும் அல்லவா. சச்சாவுக்கும் சச்சிக்கும் பிள்ளைகள் இல்லை. "இருவது வருஷம் போனா இது என்ன விலைக்குப் போகும்னு எவனுக்கும் தெரியாது. அவசரமின்னா உன் மேல்படிப்புக்குப் பிரிச்சு விப்போம். இது உன் சரக்கு ரமீ" என்பார்.

என் சரக்கு. ஆனால் அதன் விலை ஏறுமா இறங்குமா என்று எனக்கே தெரியாது!

ஜனவரி 25, சனி

மதியச் சாப்பாட்டில் சண்டை. மேல தோட்டம்தான் காரணம். போடிமெட்டுக்குக் கீழே சரிவில் இருக்கும் எங்கள் ஏலத்தோட்டத்தில் போன கோடை வெயிலில் பாதிச் செடி கருகிவிட்டது. இந்த ஜூன் மழைக்கு மறுநடவு செய்யாவிட்டால் காடாகிவிடும் என்கிறார் அத்தா.

"காரை வித்துரு ஃபயாஸு. சும்மாதான கெடக்கு."

"சும்மா கெடக்கல, ஏறிக்கிட்டு கெடக்கு."

"எங்க ஏறிக்கிட்டு கெடக்கு? மொட்டை மாடியிலயா?"

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு மீன் குழம்பை நடுவில் வைத்தார். சச்சா தொடவில்லை. "அது என் காரு இல்லண்ணே. ரமீஸாவோடது. அவ வித்துருன்னு சொன்னா விக்கிறேன். அவ வாயால சொல்லட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாயில் சோறு.

"எனக்குக் கொஞ்சம் நாள் வேணும்" என்றேன்.

"எதுக்குடி? ஆராய்ச்சி பண்ணவா?" என்றார் அத்தா.

"ஆமா."

ஜனவரி 26, ஞாயிறு

பள்ளியில் கொடியேற்றம். மிட்டாய். முடிவு: சச்சா மேல் உள்ள பாசத்துக்காக விற்க வேண்டாம் என்றும் சொல்லக் கூடாது, அத்தாவுக்குப் பயந்து விற்கவும் சொல்லக் கூடாது. கண்டுபிடித்துவிட்டுத்தான் சொல்வேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கிளை நூலகத்தில் கார் பற்றி இருந்தது, ஓட்டுநர் உரிமத்துக்கான வினா விடைக் கையேடு ஒன்றுதான். ஆகவே அத்தாவின் ஃபோன். ஒரு வாரமாகப் படிக்கிறேன். அத்தா கத்துகிறார்: "காயி விலை பாக்கலாம்னு ஃபோனைத் தெறந்தா காருகாரன்லாம் வரிசையா வந்து நிக்கிறான்!"

படித்ததில் சச்சா பக்கம் ஒன்று உண்மை. இந்த மாதிரி பெட்ரோல் எஞ்சின் இனி குறைந்துகொண்டே போகும். உலகம் மின்சாரத்துக்குப் போகிறது. குறைவாகக் கிடைப்பதற்கு விலை வரும். இதை மறைக்காமல் எழுதிக்கொள்கிறேன்.

ஆனால் விலை ஏறிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பார்த்தால் பெரும்பாலும் கையால் கியர் மாற்றுபவை. பிரித்து மாட்டத் தெரிந்தவர் இருந்தால் ஓட வைத்துவிடலாம். எங்கள் காரில் கிளட்ச் கிடையாது. அதற்குப் பதில் ஒரு பெரிய திரையும் ஏகப்பட்ட கம்ப்யூட்டர்களும் இருக்கின்றன. திரை செத்துப்போனால் இருபது வருஷம் கழித்து யார் செய்து தருவார்கள்? அத்தாவின் பழைய ஃபோனுக்கு பேட்டரி தேடி மதுரை வரை போய் வெறுங்கையோடு வந்தோமே.

இன்னொன்று உறுத்துகிறது. ஏறிய கார்களைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். ஏறாத கார்கள் எங்கே? அவற்றைப் பற்றி எழுத யாருக்கு ஆசை வரும்? போடியிலும் இப்படித்தான். காயை இருப்பு வைத்து ஜெயித்த சச்சாவின் கதை தெருவுக்கே தெரியும். இருப்பு வைத்துத் தோற்றவர்கள் எத்தனை பேர்? ஒரு பெயர்கூட எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஓரிடத்தில் படித்தேன்: சின்ன வயதில் ஒரு காரைப் பார்த்து ஏங்கியவர்கள் வளர்ந்து சம்பாதித்த பிறகு அதையே தேடி வாங்குகிறார்களாம். அப்படித்தான் பல கார்களுக்கு விலை வந்தது. சரியாகத்தான் படுகிறது. அப்படியானால் இருபது வருஷம் கழித்து எங்கள் காரை வாங்கப் போகிறவர்கள் இப்போது எங்கள் தெருவில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்!

போய்க் கேட்டேன். "நீங்க பெரியாளானா எந்தக் காரு வாங்குவீங்க?"

ஒருவனுக்குப் பெரிய ஜீப்பு வேண்டும். ஒருவனுக்கு, ஃபோன் விளையாட்டில் வரும் பறக்கும் கார். இன்னொருவன் லாரிதான் வேண்டும் என்று நின்றான், லோடு ஏற்றலாமாம்.

"ஏலக்கா காரு வேணாமா?"

"அதுக்குள்ள நெசமாவே காரு இருக்காக்கா? எங்கண்ணே உள்ள வெறுஞ்சாக்குதான்னு சொன்னான்."

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. பார்த்தே இராத ஒன்றின் மேல் யார் ஆசைப்படுவார்கள்?

பிப்ரவரி 15, சனி

இதையெல்லாம் சச்சாவிடம் சொல்லக் குடோனுக்குப் போனேன். காயைப் புடைத்துப் பொறுக்கும் பெண்கள் சுளகோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சச்சா கையில் காயை உருட்டிக்கொண்டே கேட்டார். கோபப்படவில்லை. பாதியில் புன்னகை செய்தார்.

"எல்லாம் சரி. நான் காயை வச்சிருந்தப்பயும் இப்படித்தான் ஆளாளுக்குக் கணக்குச் சொன்னாங்க. பொறுத்தவன் ஜெயிச்சான்."

எனக்கு அப்போதுதான் தோன்றியது. "சச்சா, காயைக்கூட அடுத்த பூ எறங்கி புதுக்காய் வர்றதுக்குள்ள வித்துருவீங்களே? பழைய காயின்னா பச்சை வெளுத்துரும், வாசம் போயிரும்னு நீங்கதான சொல்வீங்க? காருக்கு மட்டும் புதுக்காய் வராதா?"

சச்சா பதில் சொல்லுமுன் கருத்தம்மாள் அக்கா சுளகைத் தட்டிக்கொண்டே, "மொதலாளி, பிள்ளை கேக்குதுல்ல? காரை எந்தச் சல்லடையில சலிச்சு வச்சீங்கன்னு சொல்லுங்க" என்றார். அத்தனை பெண்களும் சிரித்தார்கள்.

"ஒனக்கு வேற சோலி இல்ல?" என்று சச்சா எழுந்து போய்விட்டார்.

சபையில் எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரிக்கும்படி செய்தது தப்பு. தனியாகப் பேசியிருக்க வேண்டும். ஆனால் கேள்வி தப்பில்லை.

மார்ச் 11, செவ்வாய்

நோன்பு. பரீட்சை. நாக்கு வறண்டு பேனா மட்டும் ஓடுகிறது. வேறு எதுவும் எழுத நேரமில்லை.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். சச்சா எனக்குப் புது உடுப்பு எடுத்திருந்தார். பச்சை. அவர் கண்ணுக்கு வேறு நிறமே தெரியாது போலிருக்கிறது.

பிரியாணி முடிந்து எல்லோரும் நல்ல மனதோடு இருக்கும்போது கேட்டேன்: "சச்சா, காரைப் பிரிச்சுப் பாக்கணும்."

"காத்துப் பட்டா போச்சு."

"என் சரக்குன்னு சொன்னீங்கல்ல? சரக்கைப் பாக்காம எந்த யாவாரி விலை சொல்லுவான்?"

அத்தா சீயக்காய் பட்ட மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார். சிரிக்காமல் இருப்பதற்குத்தான். சச்சா விரலை மடக்கி நாள் எண்ணிவிட்டு, "சனிக்கிழமை" என்றார்.

ஏப்ரல் 5, சனி

எப்படி எழுதுவது. வரிசையாக எழுதுகிறேன்.

சச்சா மதுரையிலிருந்து யோகராஜ் என்ற மெக்கானிக்கை வரச் சொல்லியிருந்தார். விலை உயர்ந்த கார்களை மட்டும் பார்ப்பவர். அத்தா, நான், சச்சா, அவர் நான்கு பேர்தான். சச்சா தானே ஊசித் தையலைப் பிரித்தார். யாரையும் தொடவிடவில்லை. சாக்கு விழுந்தது. பாலிதீனின் உள் பக்கம் முழுக்க நீர்த்துளி.

போன தடவை பிரித்தது இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால். அன்றைக்கு நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து, உடனே சுற்றித் தைத்துவிட்டார். காய் என்றால் நெருப்புச் சூட்டில் சருகாக உலர்ந்த பிறகுதான் பாலிதீனுக்குள் போகும். காரை யார் உலர்த்தினார்கள்? உள்ளே போன ஈரம் உள்ளேயே இருந்திருக்கிறது.

பேட்டரி செத்திருந்ததால் கதவு திறக்கவில்லை. யோகராஜ் அண்ணன் யாருக்கோ ஃபோன் போட்டார், எடுக்கவில்லை. அந்தக் காரின் கையேட்டை நான் ஃபோனில் முழுதாகப் படித்திருந்தேன். ரிமோட்டுக்குள் ஒரு சின்னச் சாவி ஒளிந்திருக்கும், கைப்பிடி மூடிக்கு அடியில் துவாரம் என்றேன். திறந்தது. "பரவாயில்லையே பாப்பா" என்றார் அவர். சந்தோஷமாக இருந்தது, ஒரே ஒரு நிமிஷம்.

கறுப்புத் தோல் இருக்கைகள் வெள்ளையாக இருந்தன. பூஞ்சை. ஸ்டியரிங்கில், பெல்டில், கூரைத் துணியில், எல்லாவற்றிலும். எஞ்சின் மூடியைத் தூக்கினால் எலிக்கூடு. சாக்கு நாரும் ஏலத்தோலும் சேர்த்து மெத்தை மாதிரி கட்டியிருந்தது. வயர்களைக் கடித்துத் துப்பியிருந்தது. கார் முழுக்க ஏலக்காய் வாசம் வேறு.

"நான் இதுவரைக்கும் இவ்வளவு வாசனையான கேஸ் பாத்ததில்ல சார்" என்றார் யோகராஜ் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை.

பெயிண்ட் மட்டும் அப்படியே இருந்தது. பச்சை நின்றுவிட்டது.

சச்சா ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தார். அத்தா ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அத்தா போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சச்சா குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே, "உனக்குன்னு வச்சேன் ரமீ. உனக்குன்னுதான் வச்சேன்" என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நான் கேட்டிருக்கவே கூடாதோ? கேக்காம இருந்தா என்ன, உள்ள அது பாட்டுக்கு வீணாப் போயிருக்கும். எல்லாம் தெரியுது. ஆனா அவரு மொகத்தப் பாக்க முடியல.

ஏப்ரல் 9, புதன்

திடமாக இருக்க வேண்டும் என்று எழுந்ததுமே சொல்லிக்கொண்டேன். அழுதால் வயர் ஒட்டாது.

யோகராஜ் அண்ணனிடம் நானே பேசினேன். எஞ்சின் நன்றாக இருக்கிறதாம். வயர்த் தொகுப்பு முழுவதையும் மாற்ற வேண்டும், வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், உள்ளே எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். "இன்னும் ஒரு மழைக்காலம் உள்ள இருந்திருந்தா நான் தொட்டிருக்க மாட்டேன்" என்றார்.

சச்சாவிடம் சொன்னேன். இன்று சாயங்காலமே, பழுதுபார்க்கும் செலவுக்காக, தன் பங்கில் இருந்த மூட்டைகளை இன்றைய விலைக்கே விற்றார். விலை ஏறட்டும் என்று காத்திருக்கவில்லை. அத்தா நம்ப முடியாமல் பார்த்தார்.

ஏப்ரல் 12, சனி

தட்டையான லாரியில் காரை ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோனார்கள். தெருப் பையன்கள் கூடவே ஓடினார்கள். "நெசமாவே காருடா!"

மே 11, ஞாயிறு

கார் திரும்பி வந்துவிட்டது. குடோன் வாசலில் நின்று உறுமியது. உறுமல் என்று படித்திருக்கிறேன், நெஞ்சுக்குழியில் கேட்டது இதுதான் முதல் தடவை.

சச்சாவின் முகத்தில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். "இந்தத் தடவ தப்பு நடக்காது. கண்ணாடி ரூமு. ஈரத்தை உறிஞ்சுற மிசினு. மாசம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுவோம். எலி என்ன, எறும்பு நுழையாது."

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது.

"சச்சா, நான் சொல்றதுதான் முடிவுன்னு நீங்க சொன்னீங்க."

"சொன்னேன்."

"வித்துருங்க."

"வெலை ஏறாதுன்னு கண்டுபிடிச்சிட்டியாக்கும்?"

"இல்ல. ஏறினாலும் ஏறலாம். அது எனக்குத் தெரியல. இவ்வளவு படிச்சும் தெரியல. யாருக்குமே தெரியாது போல. ஆனா இந்த ஜூன்ல நடலைன்னா மேல தோட்டம் போயிரும்கிறது தெரியும். தெரிஞ்சத விட்டுட்டுத் தெரியாததப் பிடிச்சுக்கச் சொல்றீங்களா?"

"உன் படிப்பு?"

"நாந்தான படிக்கணும்? காரா வந்து பரீட்சை எழுதப் போகுது?"

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அத்தாவின் தும்மல் மாதிரி ஒரு சத்தம். சச்சா படம் போட்ட தாளை மடித்தார். மறுபடி மடித்தார். சச்சிதான் உள்ளேயிருந்து வந்து அவர் தோளில் கை வைத்து, "பிள்ளை சொல்லிருச்சுல்ல" என்றார்.

சச்சா தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தொழுகைக்குப் போய்விட்டார்.

மே 13, செவ்வாய்

கார் விற்பனை விளம்பரத்துக்குப் படம் எடுக்கச் சச்சா என்னைக் கூப்பிட்டார். "கலரு நல்லா விழுகுற மாதிரி எடு" என்றார். அவ்வளவுதான். எடுத்தேன். எலி கடித்ததையும் பூஞ்சையையும் வயர் மாற்றியதையும் விளம்பரத்தில் எழுத வேண்டும் என்றேன். "எழுது. பழுதுக் காயை அடியில போட்டு விக்கிற ஆளா நானு?" என்றார்.

மே 25, ஞாயிறு

வாங்க வந்தவர் பெயர் ஈஸ்வரன். மதுரையில் பல் மருத்துவர். சச்சா எதிர்பார்த்த மாதிரி, எவ்வளவு குறைவாக ஓடியிருக்கிறது என்று ஆச்சரியப்படவில்லை. "மலையில எப்படிங்க ஏறுது?" என்றுதான் முதலில் கேட்டார்.

யாருக்கும் பதில் தெரியவில்லை! போடியில் இருந்துகொண்டு, கண்ணெதிரே மலையை வைத்துக்கொண்டு, ஒரு தடவைகூட ஏற்றியதில்லை.

உடனே கிளம்பினோம். பின்னால் இருக்கை என்று ஒன்று பெயருக்கு இருக்கிறது, பள்ளிப்பை வைக்கலாம். அதில் முழங்கால் தாடையில் இடிக்க நான். முதல் கொண்டை ஊசி வளைவுகளில் டாக்டர் ஓட்டினார். பிறகு ஓரமாக நிறுத்தி, "நீங்க ஓட்டுங்க சார். ஓட்டிப் பாக்காமலேவா விப்பீங்க?" என்று இறங்கினார்.

சச்சா முதலில் மாட்டு வண்டி மாதிரி ஓட்டினார். எதிரே தோட்டத்து ஜீப்பு ஒன்று ஆட்களோடு இறங்கி வந்தது; அதன் டிரைவர் வழிவிட்டு நின்று, "அண்ணே, வெரசா போங்க, பின்னாடி பஸ்சு நிக்கிது" என்று கத்தினார். அதற்குப் பிறகுதான் சச்சா மிதித்தார். எஞ்சின் சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. கீழே போடி ஊரும் தென்னந்தோப்புகளும் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தன. கண்ணாடியில் சச்சாவின் முகம் தெரிந்தது. பற்களெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது ஆளைப் போலவே இல்லை.

போடிமெட்டு டீக்கடையில் நின்றோம். டாக்டர், "நான் ஓட்டத்தான் வாங்குறேன். வெலை ஏறுமா எறங்குமான்னு பாக்கல" என்றார்.

சச்சா டீயை ஆற்றிக்கொண்டே, "வாரத்துக்கு ஒருக்காவாச்சும் எடுக்கணும். ஈரமா மூடக் கூடாது. எலி மருந்து வைங்க" என்று அடுக்கினார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது.

ஜூன் 1, ஞாயிறு

டாக்டர் வந்து காரை எடுத்துப் போனார். மழை பிடித்துக்கொண்டது. சச்சா வாசலில் நனைந்துகொண்டு நின்றார். நான் குடை கொண்டுபோனேன். "போயி நாத்துக்குச் சொல்லணும்" என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

மேல தோட்டத்தில் நடவு. விடியுமுன்னே ஜீப்பில் ஏறிவிட்டோம். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிவிட்டதால் அம்மா விடமாட்டேன் என்றார்; பாடப்புத்தகத்தையும் எடுத்துப் போகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். மழையில் புத்தகம் பையை விட்டு வெளியே வரவில்லை என்பது வேறு.

இந்தச் செடி காய்க்க மூன்று வருஷம் போல ஆகும் என்கிறார் அத்தா. அப்போது நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டில் இருப்பேன். உதவித்தொகைத் தேர்வுகளுக்கு இப்போதே படிக்க ஆரம்பித்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, முடித்துவிட்டுச் சொல்லலாம்.

மதியம் சிக்னல் கிடைக்கும் பாறை மேல் ஏறி அம்மாவுக்குப் பேசினேன். பேசி முடித்ததும் ஃபோனில் ஒரு செய்தி வந்து நின்றது. நான் தேடித் தேடிப் படித்ததால் இன்னும் கார்ச் செய்திகள் விடாமல் வருகின்றன. எங்கள் காரின் அதே மாடல். இனி பெட்ரோலில் அதைச் செய்யப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார்களாம். பழைய கார்களுக்கு ஆட்கள் அலைகிறார்களாம். விலையும் போட்டிருந்தது, நாங்கள் விற்றதைவிட அதிகம்.

நான் சொல்லித்தான் விற்றார். மறைத்துவிடலாமா என்று நினைத்தேன். இல்லை, எனக்குச் சாதகமாக இல்லாததையும் எழுதிக்கொண்டவள் நான். இறங்கிப் போய்ச் சச்சாவிடம் நீட்டினேன்.

சச்சா சேற்றுக் கையைக் கைலியில் துடைத்துவிட்டு வாங்கினார். உதடு அசைய அசைய முழுவதையும் படித்தார். மழைத்துளி விழுந்த திரையைப் பெருவிரலால் துடைத்து, விலை போட்டிருந்த இடத்தை இன்னொரு தடவை பார்த்தார். ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஏறட்டும்" என்றார். பிறகு குனிந்து அடுத்த குழி மண்ணைக் கையால் விலக்கிக்கொண்டே, "இந்தக் குழிக்கு நெழலு பத்துமா பாரு" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். மரக்கிளை போதுமான அளவு படர்ந்திருந்தது. பத்தும் என்றேன். நாற்றை வைத்தார்.